சாயம் நிற்கும் கோடு

ஜூன் 10

விடுப்பின் நான்காம் நாள். மருத்துவமனைக்குக் கொடுத்த கடிதத்தில் ‘குளியலறையில் வழுக்கியதால் வலது மணிக்கட்டில் சுளுக்கு, ஆறு வாரம் ஓய்வு’ என்று இருக்கிறது. கணினியில் அடித்துக் கொடுத்தவர் என் கணவர். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; பொய் எழுதும்போது எழுத்துப்பிழை வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு முறை திருத்தினார். கீழே ‘செ’ என்று ஓர் எழுத்து மட்டும் போட்டேன். செண்பகவல்லி நீளமான பெயர்.

இருபத்தெட்டு வருடம் தினமும் கண்புரை எடுத்தவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? ரிஸ்வானா கேட்ட வேலையை எடுத்துக்கொண்டேன். என்னிடம் தொழில் பழகியவள்; இப்போது என் மேசையில் அறுவை செய்கிறாள். குழந்தைகள் வார்டுக்கு ஒரு பொம்மை ஆஸ்பத்திரி வேண்டுமாம். “தியேட்டர்னாலே பிள்ளைங்க அழுறாங்க மேடம். முன்னாடியே பொம்மையாத் தொட்டுப் பாத்துட்டா பாதி பயம் போயிரும்” என்றாள்.

ஓர் அடிக்கு ஓர் அங்குலம் அளவு. ஆறு கட்டில், ஒரு பெஞ்சு, டாக்டருக்கு முக்காலி, அறுவை மேசை, தரை. பட்டறையிலிருந்து மெல்லிய ஒட்டுப்பலகையும் இரண்டு கட்டு ஐஸ்கிரீம் குச்சியும் வந்துவிட்டன. நிறத்துக்கு மரச்சாய மார்க்கர்: தேக்கு, வால்நட், மகோகனி. வீட்டு மேசையில் கீறல் விழுந்தால் தேய்த்து மறைக்கிற பேனாதான். டப்பா இல்லை, சிந்தாது. தூரிகையைவிடத் தடிமன். பிடிக்க வசதி.

ஜூன் 12

முதல் முக்காலி. ஒட்டிவிட்டுச் சாயம் போட்டேன், தவறு. பசை கசிந்த இடத்தில் சாயம் ஏறவில்லை. மூன்று மூட்டிலும் வெள்ளைப் புள்ளி. கசிந்ததை விரலால் வழித்திருந்தேன், கண்ணுக்குத் தெரியவே இல்லை. சாயம் பட்டதும் தெரிந்துவிட்டது. இனி முதலில் உப்புத்தாள், பிறகு சாயம், கடைசியில் பசை.

பலகையின் வெட்டு முனை சாயத்தை அதிகம் குடிக்கிறது. அங்கே மார்க்கர் தங்கக்கூடாது. தொட்டவுடன் எடுக்க வேண்டும்.

இவர் டபரா செட்டைக் கழுவி மேல்தட்டில் ஏற்றிவிட்டார். இன்று காபி காது வைத்த கோப்பையில் வந்தது, முக்கால் அளவு. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 13

மணிக்கட்டு தேவலை.

ஜூன் 16

பியூலா வந்தாள். சமாதானபுரத்திலிருந்து ஆட்டோவில். பஸ் போர்டு தெரியவில்லையாம். கையில் ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம்.

பியூலா எங்கள் தியேட்டர் சிஸ்டர். இருபத்திரண்டு வருடம் எனக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள். நான் கையை நீட்டும் முன்பே சரியான கருவி வந்து உட்காரும். அவளுக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. ஆறு வயதில் பம்பர ஆணி பட்டுப் போயிற்று. இருக்கிற இடது கண்ணில் இப்போது புரை. மார்ச் மாதம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் அவளைக் கைபிடி டூட்டிக்கு மாற்றினோம். அதற்குக் கண் வேண்டாம். ஊசி போட்டுக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வதால் நோயாளி விழித்திருப்பார், முகத்தைப் பச்சைத் துணி மூடியிருக்கும், பேசக்கூடாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நோயாளி ஒருமுறை அழுத்தினால் இருமல் வருகிறது, இருமுறை அழுத்தினால் வலிக்கிறது என்று அர்த்தம். பிடித்திருப்பவர் ‘நிறுத்துங்க’ என்று குரல் கொடுப்பார்.

என் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன டாக்டர், தச்சு வேலைக்கு எறங்கிட்டியளா? எங்க ஏசப்பா குடும்பத் தொழிலாச்சே.”

“உங்க ஏசப்பா பொம்மைக் கட்டில் செஞ்சாரா?”

“அவருக்கு ஆறு வாரம் லீவு யாரு குடுத்தா?”

தேக்கு பூசிய கட்டிலையும் வால்நட் பூசிய கட்டிலையும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம் என்றாள்.

“ரிஸ்வானாகிட்ட பண்ணிக்கோ பியூலா. ஏன் தள்ளிப்போடுற?”

“அந்தப் பிள்ள நல்லாத்தான் பண்ணும். நான் சீட்டுல உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். நீங்க வாற அன்னைக்கு மொத கேஸ் நாந்தான். உங்களுக்காண்டி காத்துக் கெடக்கேன்.”

முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது. மனத்துக்கு நிறைவாகவும் இருந்தது. ஒற்றைக் கண்ணை வைத்திருக்கிறவள் நம்பும் கை இது.

ஜூன் 19

அறுவை மேசைக்கு அடியில் வைக்கும் தரையை ஆரம்பித்தேன். எங்கள் தியேட்டர் வராந்தாவைப் போலக் கறுப்பும் வெளுப்புமாக மாற்றி மாற்றிக் கட்டம். அங்குலத்துக்கு ஒரு கட்டம், ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு. வால்நட் ஒன்று விட்டு ஒன்று.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டை வரை சாரல் காற்று. பலகையில் ஈரம். சாயம் காயவில்லை, கோட்டைத் தாண்டி ஊறிவிட்டது.

ஜூன் 20

இரண்டாவது பலகை. மார்க்கர் முனை நார்நாராகப் பிரிந்துவிட்டது. கோடு சரியாக வரவில்லை. புது மார்க்கருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 22

புது மார்க்கர். ஓரத்தில் செலோடேப் ஒட்டி அடித்தேன். டேப்புக்கு அடியில் சாயம் புகுந்து பல் பல்லாக நிற்கிறது. மட்டமான டேப்.

ஜூன் 24

காலையில் அரை மாத்திரை. நாடி 58. மேடைப் பேச்சாளர்கள்கூடப் போட்டுக்கொள்கிற சாதாரண மாத்திரைதான். பிற்பகலில் ஒரு கட்டிலுக்குக் கால் ஒட்டினேன், ஒரே தடவையில் நின்றது.

ஜூன் 27

வழி கிடைத்துவிட்டது. சாயம் மரத்தின் நார் வழியாகத்தான் ஓடுகிறது. நாரை முதலிலேயே வெட்டிவிட்டால் அதற்குப் பாதை இல்லை. இரும்பு ஸ்கேலை அழுத்தி வைத்து, அறுவை பிளேடால் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கோடு கிழித்தேன். பிறகு மார்க்கர். சாயம் வெட்டு வரை வந்து அணை போட்டதுபோல் நின்றது.

மாலைக்குள் முப்பத்தாறு கட்டமும் முடிந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு முடியளவு தாண்டவில்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ரொம்ப நேரா இருக்கு வல்லி” என்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மருத்துவமனைக்குப் பேசிவிட்டேன். ஜூலை 19 வருகிறேன். முதல் கேஸ் பியூலா.

ஜூலை 1

மே 30 பற்றி எழுதிவைக்க வேண்டும்.

அன்று ஏழாவது கேஸ். ஆண், 66. புரையை எடுத்தாகிவிட்டது. புரை இருந்த பைக்குப் பின்சுவர் உண்டு. வெங்காயத் தோலைவிட மெல்லியது. அது கிழிந்தது. நூற்றில் ஒருவருக்கு நேர்வது, எல்லோருடைய கையிலும் நேர்ந்திருக்கிறது. ரிஸ்வானா பக்கத்து மேசையிலிருந்து வந்து முடித்துக்கொடுத்தாள். நோயாளிக்கு இப்போது நல்ல பார்வை. நானே விசாரித்தேன்.

அதற்கு முந்தைய ஆறு கேஸும் குறையில்லாமல் முடிந்தன என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 5

ரிஸ்வானா ஆறு கட்டிலையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். தரையைப் பார்த்ததும், “மேடம், இது மெஷின் போட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். “பியூலா சிஸ்டர் நேத்து படியில விழுந்துட்டாங்க. முழங்காலோட போச்சு. கண்ணைப் பாத்தேன். மே மாசம் நீங்க பாத்தப்போ இந்தத் தேக்கு கலர்ல இருந்துச்சுல்ல? இப்ப வால்நட் மேடம். ரெண்டு கோட்டிங் அடிச்ச மாதிரி.”

புரை பழுக்கப் பழுக்க நிறம் ஏறும். ஏற ஏறக் கல்லாகும். கல்லானதை எடுக்கும்போதுதான் பின்சுவர் கிழியும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

“நான் பண்றேன்னு சொல்லிட்டேன் மேடம். மாட்டேங்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

“பதினாலு நாள்தானே ரிஸ்வானா.”

அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். சும்மா இருக்க முடியாமல் மேசையிலிருந்த மகோகனி மார்க்கரை எடுத்து, சாயம் போடாத பெஞ்சின் ஓரத்தில் ஒரு பட்டை இழுத்தாள். ஸ்கேல் இல்லை, வெட்டு இல்லை. பேசிக்கொண்டே இழுத்தாள். முனைக்கு வந்ததும் தொட்டாற்போல் எடுத்துவிட்டாள். பட்டை நூல் பிடித்ததுபோல் இருந்தது.

காற்று அதிகமாக இருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூலை 6

பெஞ்சின் நிறம் மற்றதோடு ஒட்டவில்லை. உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டேன்.

ஜூலை 9

மாத்திரை முழுசு. நாடி 52. எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது.

சாப்பிடும்போது இவர் கேட்டார்: “மாமாவுக்கு எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?”

“எது?”

“ஒண்ணுமில்ல. ரசம் ஊத்தட்டுமா?”

இவர் மாமா என்பது என் அப்பாவை; தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். கடைசி நான்கு வருடம் அவருடைய கோப்புகளை வேறொருவர் எழுதினார். வீட்டில் அதற்குப் பெயர் ‘அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு’.

ரசத்தைத் தட்டில் சோற்றோடு பிசைந்துதான் சாப்பிட்டேன். டம்ளரில் வேண்டாம் என்றேன்.

ஜூலை 14

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பியூலா பதினொரு மணிக்கு வந்தாள். முழங்காலில் கட்டு. இவர் அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். அன்று சந்தை நாள் இல்லை.

பொம்மை ஆஸ்பத்திரி முடிந்திருந்தது. அவளால் பார்க்க முடியாது என்பதால் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். கட்டில், முக்காலி, அறுவை மேசை. “டாக்டர் பொம்மை எங்க?” என்றாள். குழந்தைகளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

தரைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையால் தடவினாள். பிறகு கட்டைவிரல் நகத்தை ஒரு மூலையில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். நகம் வெட்டுக்குள் விழுந்தது. அதை வெட்டுவழியே கடைசிவரை ஓட்டினாள். அடுத்த கோட்டையும் ஓட்டினாள்.

“டாக்டர், வெட்டிட்டுல்லா சாயம் அடிச்சிருக்கிய?”

“ஆமா. வெட்டினா சாயம் தாண்டாது.”

“ஸ்கேல் வச்சா வெட்டுனிய?”

“ஸ்கேல் வச்சுத்தான்.”

அவள் பலகையை மேசையில் வைக்க இடம் தேடினாள். நான் வாங்கி வைத்தேன்.

“கண்ணுக்குள்ள ஸ்கேல் வைக்க எடம் இருக்கா டாக்டர்?”

வெளியே யாரோ தேங்காய்ச் சிரட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரிஸ்வானா சொன்னாளா?”

“அந்தப் பிள்ள ஒண்ணும் சொல்லல. நீங்க கருவியத் திருப்பி வைக்கும்போது தட்டுல டிக் டிக்னு ஒரு சத்தம். துணிக்குக் கீழ நான் பேஷண்ட் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்லா, மேல நடக்கது எல்லாம் காதுதான். மார்ச்சுலயே கேட்டேன். மே மாசம் நல்லாக் கேட்டுது. நடுக்கம் டாக்டர். உங்களுக்குக் கை நடுக்கம்.”

இந்தச் சொல்லை இதற்கு முன் இந்த நோட்டில் நான் எழுதவில்லை. இன்று முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

“தெரிஞ்சும் ஏன் என் பேரை எழுதி வச்ச?”

“நான் வேற ஆள்ட்டப் போனா ஆஸ்பத்திரி முழுக்க அர்த்தமாயிருமே டாக்டர். இருவத்திரண்டு வருசம் கூட நின்னவளே மாத்திட்டாளேன்னு ஒவ்வொருத்தரும் கேப்பாவ. வாட்ச்மேன் மொதக்கொண்டு கேப்பான். நான் அப்பவே சொன்னேன்லா, உங்களுக்காண்டி காத்துக் கெடக்கேன்னு.”

ஒரு மாதமாக அந்த வார்த்தையைத் தவறாகப் படித்திருக்கிறேன். என் வருகைக்காக என்று எடுத்துக்கொண்டேன். என் பொருட்டு என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. “உன் ஒத்தைக் கண்ணை வச்சு எனக்கு மானம் காப்பாத்தப் பாத்தியா? உனக்குப் புத்தி இருக்கா?”

“இல்லதான். நீங்களே சொல்லிருவியன்னு நெனச்சேன். இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு. அதுக்குள்ள தேதி குடுத்துட்டிய.”

“நான் சொல்லாமலே பத்தொன்பதாம் தேதி வந்திருந்தா?”

“ஜெபம் பண்ணிக்கிட்டுப் படுத்திருப்பேன்” என்றாள். முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டே, “இல்ல டாக்டர். பொய். பயந்துதான் இன்னைக்கு ஓடியாந்தேன்” என்றாள். அழுதாள். பார்வை இல்லாத வலது கண்ணிலும் நீர் வந்தது. வரும், கண்ணீர்ச் சுரப்பிக்கு அது தெரியாது.

டபரா செட்டை மேல்தட்டிலிருந்து எடுத்தேன். இருவருக்கும் காபி போட்டு நானே கொண்டுவந்தேன். சமையலறையிலிருந்து கூடம்வரை பதினோரு அடி. டம்ளர் டபராவில் அடித்துக்கொண்டே வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இந்தச் சத்தந்தான்” என்றாள்.

ஜூலை 15

ரிஸ்வானாவிடம் போனில் சொன்னேன். சொல்லி முடிக்க நாற்பது நொடி ஆயிற்று. “மேடம்” என்று மட்டும் சொன்னாள். பிறகு, “தேதி அதே தேதிதானே?” என்றாள். அதே தேதி, அதே முதல் கேஸ். கை மட்டும் அவளுடையது.

ஜூலை 16

நடுக்கத்துக்குப் போட்ட மாத்திரை நிறுத்தம். இவர் நரம்பு மருத்துவரிடம் 23ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கிவிட்டாராம்.

ஜூலை 19

மருத்துவமனை. எட்டேகால் மணிக்குத் தியேட்டர் உடை. கை கழுவினேன்; இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகக் கையுறை போடாமல் உள்ளே போனேன். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். யாரும் மணிக்கட்டு எப்படி என்று கேட்கவில்லை. ரிஸ்வானா சொல்லியிருக்க மாட்டாள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கைபிடி டூட்டிக்கு ஆள் இல்லை. அந்த டூட்டிக்காரிதான் மேசையில் படுத்திருந்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என் உயரத்துக்கு அது தாழ்வு. நான் செய்த முக்காலியிலும் இதே குறை இருக்கிறது. அளவெடுத்தபோது அதில் யார் உட்காருகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

பச்சைத் துணிக்குக் கீழே அவள் கை வந்தது. பிடித்தேன். என் கை அவள் கைக்குள் நடுங்கியது. மேசை அசையக்கூடாதே என்று முழங்கையை என் தொடையில் ஊன்றிக்கொண்டேன்.

மேலே நடப்பது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பியூலா சொன்னது சரி, எல்லாம் காதுதான். ரிஸ்வானா கருவியைத் திருப்பி வைக்கும்போது தட்டில் ஒரு சின்னச் சத்தம், ஒன்றே ஒன்று. அடுத்தது. அதுவும் ஒன்று.

பாதியில் பியூலா என் கையை அழுத்தினாள். ஒன்று. ‘நிறுத்து’ சொல்ல வாயெடுத்தேன். இரண்டு. மூன்று. எங்கள் வழக்கத்தில் மூன்றுக்கு அர்த்தம் கிடையாது. நிறுத்தச் சொல்லாமல் அடுத்த அழுத்தலை எதிர்பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் அழுத்தவில்லை, விடவும் இல்லை.

“புரை கல்லு மாதிரி இருக்கு மேடம்” என்றது ரிஸ்வானாவின் குரல். நெடுநேரம் கழித்து, “வெளிய வந்துருச்சு. பின்சுவர் முழுசா இருக்கு” என்றாள். மணி பார்த்தேன். முப்பத்தோரு நிமிடம்.

கண்ணைக் கட்டி வார்டுக்கு அனுப்பினோம். நாளைக் காலை வரை அவளுக்கு முழு இருட்டு.

தியேட்டர் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அறுவை செய்தவர்: ரிஸ்வானா போட்டாள். உதவியவர் என்ற கட்டத்தில் கைபிடித்தவர் கையெழுத்துப் போடுவது வழக்கம். பியூலா போடுகிற இடம். நான் முழுப்பெயரையும் எழுதினேன். கட்டத்துக்குள் நிற்கவில்லை. அடித்துவிட்டு வேறு எழுதவில்லை.

ஜூலை 20

ஏழரை மணிக்குக் கட்டை அவிழ்த்தாள் ரிஸ்வானா. பியூலா முதலில் விளக்கைப் பார்த்தாள், பிறகு ரிஸ்வானாவை. “ஏ பிள்ள, ஒனக்கு இவ்வளவு நரையா?” என்றாள். வார்டில் சிரிப்பு.

பொம்மைத் தரையையும் கட்டில்களையும் கொண்டுபோயிருந்தேன். கறுப்பையும் வெளுப்பையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கட்டிலில் தேக்கு எது, வால்நட் எது என்று நான் கேட்காமலே பிரித்து வைத்தாள்.

“நேத்து மூணு தடவ அழுத்துனியே, எதுக்கு?”

“பேஷண்ட் நானா நீங்களான்னு கேட்டேன்.”

எழுத்துப் படிக்க முடிகிறதா என்று பார்க்க ரிஸ்வானா எதையோ தேடினாள். கைக்கு எட்டியது தியேட்டரிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த பதிவேடுதான். நேற்றைய பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். பியூலா அதைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தினாள். தன் கையெழுத்து இருக்க வேண்டிய கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்.

“இது யாரு, கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்கது?”

அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தாள்: “செண்பகவல்லி.”

ஓர் எழுத்துக்கூடத் தடுமாறாமல் படித்தாள்.